கிளாஸை விட்டுடாதே, முதல்ல கையைக் கவனி

சேர்ந்த மாசம் ரீல்ஸா போட்டுத் தள்ளின. இப்ப கேட்டா "மூட் இல்லக்கா"ங்கிற. கம்பியில ஏறற போல் டான்ஸோ, தொங்கற துணியில ஏறற ஏரியல் சில்க்கோ, புதுசா சேர்ற பொண்ணுங்க நிறைய பேர் இந்த இடத்துலதான் நின்னுடறாங்க. மனசு விட்டுப் போச்சுன்னு நீ நினைக்கிற. எனக்கென்னமோ முதல்ல விட்டது கைதான்னு படுது. பிடி வழுக்குது, தோல் எரியுது, பக்கத்துல இருக்கறவ ஏறிட்டா, அப்புறம்தான் மூட் போகுது. அதனால மோட்டிவேஷன் வீடியோவை மூடி வெச்சிட்டு இதைப் படி.

பாண்டிச்சேரி கடல்காத்துல சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு பிசுபிசுக்கும். சாயங்கால பேட்ச்ல பத்து பேர் பிடிச்ச ஸ்டீல் கம்பி உன் கையில நிக்கலைன்னா உனக்குத் தெம்பு இல்லைன்னு அர்த்தம் இல்ல. காலை பேட்சுக்கு மாறிப் பாரு. உன் முறைக்கு முன்னாடி கம்பியை உலர்ந்த துணியால துடை. கிளாஸ் அன்னைக்குக் குளிச்சதும் லோஷன், தேங்காய் எண்ணெய் எதையும் கை கால்ல தடவாதே. ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்க தேய்க்கிற சாக் பவுடர் ஒரு சிட்டிகை போதும். முகத்துக்குப் போடற பவுடர் வேண்டாம், அது இன்னும் வழுக்கும். மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும்.

போல்ல ஷார்ட்ஸ் போடறது ஸ்டைலுக்கு இல்லடி. துணி நழுவும், தொடைத் தோல்தான் கம்பியைப் பிடிக்கும். சில்க்ல நேர்மாறு. முட்டிக்குப் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் மூடியிருந்தாத்தான் துணி உரசிக் காயம் ஆகாது. லெக்கிங்ஸ் போட்டுப் போலுக்குப் போய்ட்டு ஏற முடியலையேன்னு அழுத ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

அம்மா "நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு ஆரம்பிச்சா, ஒரு ஞாயித்துக்கிழமை விழுப்புரம் கூட்டிட்டுப் போ. பஸ்ல ஒரு மணி நேரம். தமிழ்நாட்டுல மல்லர் கம்பத்துக்குப் பேர் போன ஊர். விசாரிச்சுக்கிட்டுப் போனா பயிற்சியைப் பார்க்கலாம். விளக்கெண்ணெய் தடவின மரக்கம்பத்துல பசங்க தலைகீழா நிக்கறதைப் பார்த்தா அம்மா வாயடைச்சுப் போயிடுவாங்க. ஆனா போல் டான்ஸே இதுலேர்ந்து வந்ததுன்னு மட்டும் அடிச்சு விடாதே. இன்னைய போல் டான்ஸ் மேற்கத்திய சர்க்கஸ், கிளப் வழியா வந்தது. அதை மறைச்சாத்தான் நாளைக்குச் சண்டை வரும்.

மல்லர் கம்பத்துலயே கயித்துல ஆடற வகை ஒண்ணு இருக்கு. கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல பருத்திக் கயித்தைக் கவ்வித்தான் மேல ஏறணும். முதல்ல அந்த விரலிடுக்கு பச்சைப் புண்ணா எரியும். போகப் போகத் தோல் கெட்டிப்படும். உன் உள்ளங்கையும் தொடையும் இப்ப அந்தக் கட்டத்துலதான் இருக்கு. காய்ப்பு தடிச்சுப் போனா, குளிக்கும்போது கால் தேய்க்கிற கல்லால லேசாத் தேய்ச்சு விடு, பிய்க்காதே. நீலமா கன்னிப்போனா பயப்படாதே.

முழங்கையோட உள்பக்கமோ தோள் மூட்டோ வலிச்சா அது வேற கதை. தசைக்குப் பலம் சீக்கிரம் ஏறும். அதை எலும்போட பிணைக்கிற தசைநாணுக்கு மெதுவாத்தான் ஏறும். அந்த இடைவெளியிலதான் ஆர்வக்கோளாறு உள்ளவங்க அடிபடுவாங்க. வாரத்துல ரெண்டு கிளாஸ் போதும், நடுவுல ஒரு நாளாவது கைக்கு ஓய்வு. மத்த நாள்ல சாயங்காலம் பீச் ரோட்டுல நட. ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். பிரஷர், கண் அழுத்தம் இருக்கறவங்க தலைகீழாப் போறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்கணும்.

அடுத்தவ வேகத்தைப் பார்க்காதேன்னு சொன்னா நீ கேட்கவா போற? அதனால வேற வழி சொல்றேன். மாசம் ஒரு தடவை ஒரே அசைவை வீடியோ எடு, ரெண்டு பக்கமும். வராத பக்கத்தை முதல்ல செய், கை களைக்கறதுக்குள்ள. வீடியோவை யாருக்கும் அனுப்பாதே. வயசாயிடுச்சுங்கிற சாக்கும் வேண்டாம். மும்பையில மல்லர் கம்பம் சொல்லிக்கொடுத்து 2024-ல பத்மஸ்ரீ வாங்கின உதய் தேஷ்பாண்டே, மாற்றுத்திறனாளிகளையும் முதியவங்களையும்கூடக் கம்பத்துல ஏத்தினவர்.

வருஷ பேக்கேஜ் கட்டினா ஒழுங்காப் போவேன்னு நினைக்காதே. மாசா மாசம் கட்டு. சொல்லித்தர்றவங்க கீழே மெத்தை போடறாங்களா, நீ விழுந்தா பிடிக்கிற தூரத்துல நிக்கறாங்களான்னு பார்த்துட்டு அடுத்த மாசத்தைக் கட்டு.

வீட்டுல ஊஞ்சல் கொக்கியில சில்க் கட்டிப் பழகறேன்னு சொன்னியே, அது மட்டும் கூடவே கூடாது. நம்ம பழைய வீட்டு மெட்ராஸ் டெரஸ் உத்திரத்துல கரையான் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு வெளியே தெரியாது. நீ மேலேர்ந்து சட்டுன்னு இறங்கும்போது அந்தக் கொக்கி தாங்க வேண்டியது உன் எடையை மட்டும் இல்ல, அதைப்போல பல மடங்கு. ஃபேன் கொக்கின்னா பேச்சே வேண்டாம். கை பலம்தான் வேணும்னா, ஈரப் போர்வையைப் பக்கெட்லேர்ந்து எடுத்து நீயே பிழிஞ்சு காயப்போடு. அம்மாவும் சந்தோஷப்படுவாங்க.