நம் வீடு

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள். மீனவர் பலர் அன்று கடலுக்குச் செல்வதில்லை. படகுகள் கரையில் நிற்கும். அறுந்த வலையைச் சீர்செய்வோர் சிலரைத் தவிரப் பரபரப்பு ஏதும் இராது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பொழுதைக் கணக்கிடும் வீடுகளில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணவும் பேசவும் நேரம் வாய்ப்பது அன்றுதான். அயல்நாட்டிலிருந்து தமிழ் கற்க வந்த ஒருவருக்கு இதனினும் நல்ல வகுப்பறை அமைவது அரிது.

மதுரையில் நடைபெறும் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் தமிழ்ப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், தமிழ்க் குடும்பங்களோடு தங்கிப் பயில்வதுண்டு. அத்தகைய மாணவர் ஒருவர், தம்மை ஏற்ற குடும்பத்தாருடன், தூத்துக்குடியிலுள்ள அவர்களின் உறவினர் இல்லத்திற்கு ஒரு ஞாயிறன்று வருவதாகக் கொள்வோம்.

“எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ” என்கிறார் வீட்டுத் தலைவி. மாணவர் உதவி செய்ய எழுகிறார். “நீங்க சும்மா உக்காருங்க” என்னும் விடை வருகிறது. நிகழ்ச்சி நிரல் இல்லாத நாள் அவரைச் சற்றுத் திகைக்க வைக்கிறது. மீன்குழம்பும் சோறும் உண்டபின் அவர் தம் நாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்: “நாம் காலையில் ரொட்டி சாப்பிடுவோம்.” குழந்தைகள் சிரித்துவிடுகின்றனர். கேட்போரையும் சேர்த்துச் சொல்வது ‘நாம்’. கேட்போரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என இலக்கணம் கூறும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லாதலால், இவ்வேறுபாட்டை வகுப்பில் படித்தவரும் பேச்சில் தவறவிடுவர்.

பிற்பகலில் எண்பதைக் கடந்த பெரியவர் திண்ணைக்கு வருகிறார். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற 1961-ஆம் ஆண்டில் அவர் இளைஞர். கல்லைக் கட்டிய கயிற்றின் துணையால் மூழ்குவோர் விரைந்து கீழிறங்குவர். மூச்சு அடங்குமுன் மேலிருப்பவர் அவரை இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தாரையே நிறுத்துவர் என்பது இக்கரையில் வழங்கும் செய்தி. தங்கையின் வாழ்வு அக்கயிற்றில் இருக்கும்போது அவர் கை தளருமா? ‘மச்சான்’ என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் கண்டிருந்த மாணவருக்கு, அதன் கனம் இப்போதுதான் விளங்குகிறது. பெரியவர் காற்றைப் பற்றியும் பேசுகிறார். மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்று பாடநூலில் படிக்கிறோம். அவர் வாயில் அது கச்சான்.

இக்கரை மக்களிடம் கேட்டே தமிழ் கற்ற அயல்நாட்டவருள் முன்னோடி, என்றிக்கே என்றீக்கசு என்னும் அண்டிரிக் அடிகளார். போர்த்துகலில் 1520-இல் பிறந்த அவர், தம் இருபத்தேழாம் வயதளவில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1600-இல் மறையும்வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். கொல்லத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரை நிலைநிறுத்தியது. எனினும் மொழி கற்போர் கருத வேண்டியது, அதற்கு முன்பே போர்த்துக்கீசிய மொழியில் அவர் எழுதிய தமிழிலக்கணக் கையேட்டை. புலவர் வழக்கைவிடக் கரையோர மக்களின் பேச்சு வழக்கே அதில் மிகுதி. ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதியவரால் அவ்வடிவங்களைத் தந்திருக்க இயலாது; பேசுவோர் அருகில் நெடுநேரம் அமர்ந்து கேட்டவருக்கே அவை கிட்டும்.

கொடுக்கல் ஒருபக்கமாக நிகழவில்லை. சாவி, சன்னல், மேசை, அலமாரி, துவாலை ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. ஏலம், பீப்பாய் போன்ற வணிகச் சொற்களும் வந்தனதாம். ஆயினும் கப்பலேறி வந்த சொற்களுள் இத்தனை வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது வியப்பே. இன்று அவற்றை அயற்சொல் என்று சொன்னால் நம்பாதவரும் உளர்.

மாலையில் தேநீரும், முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த தூத்துக்குடி மக்ரூனும் வருகின்றன. பின்னர் அனைவரும் முயல் தீவுக் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். அங்கிருந்து துறைமுகத்துக் கப்பல்களைக் காணலாம். எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டனர். கதவு இன்னும் பூட்டப்படவில்லை. உள்ளே நிற்கும் மாணவரை நோக்கி வீட்டுத் தலைவி குரல் கொடுக்கிறார்:

“தம்பி, நம்ம வீட்டுச் சாவி மேசை மேல இருக்கு. எடுத்துட்டு வா.”

காலையில் ‘எங்க’ என்றவர் இப்போது ‘நம்ம’ என்கிறார். ‘நீங்க’ என்பதும் ‘நீ’ ஆகிவிட்டது. மரியாதை குறைந்ததால் நேர்ந்த மாற்றமன்று அது. சொன்னவர் அதைக் கவனிக்கவில்லை. மாணவர் கவனித்துவிட்டார், ஒரு நொடி நின்று, பிறகு சாவியை எடுத்து வருகிறார்.