நெல்லைச் சீமையில் எரிமலை உண்டா?

எரிமலை என்றதும் ஜப்பானும் இத்தாலியும் நம் நினைவுக்கு வரும். வற்றாத பொருநை பாயும் நெல்லைச் சீமைக்கும் எரிமலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். தொழில்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி, எங்கள் அறிவியல் சிஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மருத்துவரும் விமானியும் மற்றக் குழுக்களுக்குப் போய்விட, எங்கள் நால்வருக்கு வந்த சீட்டில் 'எரிமலைகளையும் நிலப் பேரிடர்களையும் ஆராயும் நிலவியலாளர்' என்றிருந்தது. முதலில் எங்களுக்கு ஏமாற்றம்தான். ஒருத்தியின் வீட்டில், "கல் உடைக்கவா உன்னைப் படிக்க வைக்கிறோம்?" என்று கேட்டுவிட்டார்கள்.

நிலவியல் என்பது ஜியாலஜி, ஜியாகிரபி அன்று. (இந்தக் குழப்பம் எங்களுக்கே ஒரு வாரம் இருந்தது.)

எங்களுள் ஒருத்தியின் ஆச்சி தலைப்பைக் கேட்டதும், "நம்ம அபிசேகப்பட்டியிலேயே பூமி உருகி வந்துச்சேட்டி!" என்றார்கள். நாங்கள் சிரித்தோம். விசாரித்தபோது ஆச்சி சொன்னது கட்டுக்கதை அன்று என்று தெரிந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் அதே அபிஷேகப்பட்டியில், 1990களின் பிற்பகுதியில், தரையிலிருந்து உருகிய பாறை வெளிப்பட்டதாகச் செய்தி பரவியது. அது பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறைக்குழம்பே என்று வாதிட்ட ஆய்வாளர் உண்டு. மற்றவர்களோ, அருகே மின்கம்பங்கள் இருந்ததைச் சுட்டிக்காட்டி, மின்சாரம் தரையில் பாய்ந்து மண்ணும் கல்லும் உருகியிருக்கும் என்றனர். மணலில் இடி விழுந்தாலும் இப்படித்தான் மணல் உருகிக் கண்ணாடிபோல் உறைந்துவிடுமாம். எங்களுக்கும் மின்சாரக் காரணமே பொருத்தமாகத் தோன்றுகிறது. எரிமலை என்றால் நிலம் அதிரவேண்டும், கந்தகப் புகை வரவேண்டும், தரை வீங்கவேண்டும். இவற்றைத் தேடிப் பார்த்து, "அஞ்சி ஓடுங்கள்" என்றோ "அஞ்ச வேண்டாம்" என்றோ ஊராருக்குச் சொல்பவரே நிலவியலாளர்.

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் செருகும் இடங்களிலேதான் பெரும்பாலான எரிமலைகள் எழுகின்றன. நம் ஊரோ தட்டின் ஓரத்திலிருந்து வெகு தூரத்தில், மிகப் பழைய பாறைகளின் மேல் இருக்கிறது. தென் மாவட்டங்களில் காணும் பாறைகளுள் ஒன்று சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் கிடந்த கல்லை வைத்து இப்பெயரை இட்டனர். அந்தக் கல்லோ நம் புனித தோமையார் மலைப் பக்கத்துக் கல்! மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய நூல் 1883இல் வெளிவந்தது. அவர் பணியாற்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது.

இந்தியாவில் உயிருள்ள எரிமலை ஒன்று உண்டு. அது அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு. மக்கள் குடியிருப்பு இல்லாத தீவு. 150 ஆண்டுகளுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்தது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் அதன் அருகே கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது, கண்முன்னே சாம்பலைக் கக்கிற்றாம். எங்கோ இருக்கும் தீவு என்று விட்டுவிட முடியாது. இந்தியத் தட்டு செருகிச் செல்லும் அதே நெடிய விளிம்பில்தான் 26.12.2004 அன்று சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. நம் கரையை அலை தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் இருந்தவர்களுக்குச் சொல்வார் இல்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் அமைந்தது 2007இல்தான்.

சொல்லியும் கேளாத ஊர் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனி மூடிய எரிமலை இருக்கிறது. அபாயம் எங்கெங்கே வரும் என்று காட்டும் வரைபடத்தை 1985 அக்டோபரிலேயே நிலவியலாளர்கள் வரைந்துவிட்டனர். ஆர்மெரோ நகரம் அதில் அபாயப் பகுதியில் இருந்தது. நவம்பர் 13 இரவு மலை வெடித்துப் பனி உருகி, சேறாய்ப் பெருகி ஆற்று வழியே நகரை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மக்களோ வீட்டில் இருந்தனர். ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். இதைப் படித்த அன்று எங்களால் மேற்கொண்டு எழுத முடியவில்லை.

இந்தத் துயரம் பிரான்ஸ் நாட்டுக் காட்யா கிராஃப்டையும் அவர் கணவர் மாரிஸையும் உலுக்கியது. எரிமலைகளின் அருகே சென்று படமெடுப்பதே இருவருக்கும் வாழ்க்கை. கட்டுரையைப் படித்தால் நம்பாத மக்கள் கண்ணால் கண்டால் நம்புவர் என்று, எரிமலை அபாயங்களை விளக்கும் படத்துக்காக உழைத்தனர். 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாடுபோ மலை குமுறத் தொடங்கியபோது, அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் அந்தப் படத்தைக் காட்டினர். மே நடுவில் நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக வாயு அம்மாத இறுதியில் 5,000 டன்னைத் தாண்டியதை ஆய்வாளர்கள் அளந்தனர். பல்லாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்ட பின், ஜூன் 15 அன்று மலை வெடித்தது. புயல் மழையில் நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரை இடிந்து இறந்தவர்கள் சில நூறு பேர் உண்டு. வெளியேறாதிருந்தால் ஆயிரக்கணக்கானோர் மடிந்திருப்பர். காட்யா அதைக் காணவில்லை. பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் கணவருடன் இறந்துபோனார். அன்று அங்கே இறந்தவர்கள் 43 பேர்.

சரி, இந்தப் படிப்புக்கு எங்கே போவது? மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுக்கவேண்டும். பின் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. நிலவியல். தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியிலேயே இப்பாடம் இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரந்தான். அரசுப் பணிக்கு மத்தியத் தேர்வாணையத்தின் நிலவியலாளர் தேர்வு எழுதவேண்டும். பெண்களுக்கு ஆகுமா என்று கேட்ட பெற்றோருக்கு ஒரு செய்தி: 1983இல் இந்திய ஆய்வுப் பயணக் குழுவில் அண்டார்க்டிகா சென்ற முதல் பெண்கள் இருவருள் சுதீப்தா சென்குப்தா நிலவியலாளர்தாம். தடைகள் இருந்தது உண்மை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்களை வேலைக்கு வைக்கலாகாது என்றிருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளுடன் அத்தடை தளர்ந்தது.

எல்லாவற்றையும் ஆச்சிக்குப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எரிமலை கிடக்கட்டும். மழைக்கு நம்ம மலை சரியுமான்னு சொல்லுவாகளா?" என்றார்கள். தேடினோம். நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்லும் தேசிய மையத்தை நிலவியல் ஆய்வுத் துறை 19.7.2024 அன்று கொல்கத்தாவில் தொடங்கியது. டார்ஜிலிங், காலிம்போங், நம் நீலகிரி ஆகியவற்றுக்கே அப்போது முன்னறிவிப்பு. பதினோராம் நாள், அப்பட்டியலில் இல்லாத வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொதிகையும் அன்று பட்டியலில் இல்லை.

"அப்பம் நம்ம மலைக்கு யாரு சொல்லுவா?" என்று ஆச்சி கேட்டார்கள். கல் உடைக்கவா என்று கேட்ட வீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மேல்நிலையில் அறிவியல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.