ஒப்புரு: ஒரு கலைச்சொல்லின் பொருளும் பயனும்

நம் அலுவலகக் கோப்புகளில் ‘மாதிரி’ என்னும் சொல் மிகுந்த சுமையைத் தாங்கி வருகிறது. புள்ளியியலில் மாதிரிக் கணக்கெடுப்பு, பொருளியலில் வளர்ச்சி மாதிரி, பொறியியலில் அணையின் மாதிரி என யாவும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. வடிவத்தைக் காட்டுவதற்கென்றே செய்யப்படும், இயங்காத உருவையும் அவ்வாறே எழுதும்போது குழப்பம் நேர்கிறது. ஆங்கிலத்தில் ‘மாக்-அப்’ எனப்படும் அதனை இங்கு ‘ஒப்புரு’ என்போம். ‘போலி’ என்பதும் பொருந்தும். ‘நிலம்’ என்பது ‘நிலன்’ என நிற்பதை இலக்கணம் போலி என்றே கூறும். எனினும் இன்று அச்சொல்லில் ஏமாற்று என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது.

மூவகை உருக்கள்

மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜ சாகரத்தில், 1944இல் தொடங்கப்பட்ட கர்நாடகப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அணைகளையும் மிகைநீர்ப் போக்கிகளையும் சிறிய அளவில் கட்டி, அவற்றில் நீரை ஓடவிட்டு ஆராய்வது இத்தகைய நிலையங்களின் பணி. 25இல் ஒரு பங்காகச் செய்த உருவில் நீரின் வேகம் 5இல் ஒரு பங்காகவும், வெளியேறும் நீரின் அளவு 3,125இல் ஒரு பங்காகவும் அமையும். ஆகவே அதில் அளந்ததைக் கொண்டு மெய்யான அணையின் நடத்தையைக் கணிக்கலாம். இது இயங்கும் மாதிரி.

ஒப்புரு அத்தகையதன்று. 2025 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் நடைபெற்ற விமானக் கண்காட்சியில், மேம்பட்ட நடுத்தரப் போர் விமானத்தின் முழு அளவு உரு வைக்கப்பட்டது. அது பறப்பதற்கன்று, வடிவத்தைக் காண்பதற்கே. அவ்விமானத்தை உருவாக்க ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அத்திட்டத்தின்படி கட்டிப் பறக்கவிட்டுச் சோதிக்கப்பட வேண்டியவை ‘முன்மாதிரிகள்’ ஆகும்.

பயன் யாது?

ஒப்புருவைப் பொருளியல் நோக்கில் தகவலுக்குத் தரும் விலை எனலாம். இருக்கை நெருக்கமாயுள்ளதா, கைப்பிடி எட்டுகிறதா, பழுதுபார்ப்பவரின் கை உள்ளே நுழையுமா என்பவற்றை மரத்திலும் அட்டையிலும் அறிந்து திருத்துவது எளிது. அச்சு வார்ப்புகளும் இயந்திரங்களும் வந்தபின் அதே திருத்தம் பன்மடங்கு செலவாகும். ஆனால் வலிமை, வேகம், எரிபொருள் செலவு ஆகியவற்றைப் பற்றி ஒப்புரு எதுவும் கூறாது.

இவ்வேறுபாட்டைத் தேர்தல் நடைமுறை நன்கு பேணுகிறது. வாக்காளர்க்கு விளக்க வேட்பாளர்கள் பயன்படுத்தும் ஒப்புரு வாக்குப்பெட்டி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ, மெய்யான கருவியின் பாதி அளவில் செய்யப்பட வேண்டும். அது வாக்கைப் பதிவு செய்யாது. வாக்குப்பதிவு நாளின் காலையில் முகவர் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து நடத்தும் ‘மாதிரி வாக்குப்பதிவோ’ மெய்யான கருவியிலேயே நிகழ்கிறது. முன்னது பழக்குவதற்கு; பின்னது சோதிப்பதற்கு.

அலுவலர் கவனத்திற்கு

ஒப்பந்தப் புள்ளியில் ‘மாதிரி ஏற்கப்பட்டதும் தொகை வழங்கப்படும்’ என்று மட்டும் எழுதினால், இயங்காத உருவைக் காட்டியே ஒருவர் தொகை கோர இடமுண்டு. ஒப்புருவா, இயங்கும் மாதிரியா, முன்மாதிரியா என்பதும், எச்சோதனையில் அது தேற வேண்டும் என்பதும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும்.

இந்திய மொழிகளின் வளர்ச்சிக்கென மைசூரில் 1969இல் நடுவண் நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது. ஆயினும் கலைச்சொல்லைக் காப்பது மொழியறிஞர்க்கு மட்டும் உரிய கடமையன்று. கோப்பில் ஒரு சொல் தெளிவுபெறும்போது பொதுப்பணமும் காக்கப்படுகிறது.