கல்மரக் கல்வி

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் பெருமரங்கள் கல்லாகிக் கிடத்தலை மாணவர் சிலர் கண்டிருக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் மண்ணுட் புதையுண்ட மரத்தின் நுண்ணறைகளில், நீரிற் கரைந்த சிலிக்கா என்னும் பொருள் ஊறி இறுகியமையால் மரம் கல்லாயிற்று. ஆயினும் அதன் உள்ளமைப்புச் சிதையவில்லை. இத்தகைய எச்சங்களைக் கொண்டு பண்டை உயிர்களை ஆராய்வது தொல்லுயிரியல். அவற்றுள் தாவரங்களை ஆராயும் பிரிவு தொல்தாவரவியல் எனப்படும்.

இக்கல்வியை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் பீர்பால் சகானி ஆவர். அவர் 1891-ஆம் ஆண்டில், இன்று பாக்கிஸ்தானிலுள்ள பேரா என்னும் ஊரிற் பிறந்தார். இலாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1919-இல் தாயகம் திரும்பினார். 1921-இல் இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். 1936-இல் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

இத்துறையாளரின் அன்றாடப் பணி எளிதன்று. கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுண்பெருக்கியில் வைத்து நோக்கல் வேண்டும். சற்றே மிகத் தேய்ப்பின் வில்லை அழியும். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்து இராஜ்மகால் குன்றுகளில், நிபானியா என்னும் சிற்றூரருகே தண்டு ஓரிடத்தும், இலை ஓரிடத்தும், விதைக்கூம்பு வேறோரிடத்துமாகக் கிடைத்தன. அவற்றிற்குத் தனித்தனிப் பெயர்களும் வழங்கின. அவையெல்லாம் ஒரே இனச் செடியின் உறுப்புகள் என்று 1948-இல் சகானி நிறுவினார். தண்டின் குறுக்குவெட்டிற் பெரும்பாலும் ஐந்து மரக்கூறுகள் தோன்றலின் அது ‘பென்டாக்சிலான்’ எனப் பெயர் பெற்றது. பின்னர்க் கண்டறிந்த ஆண்பூவிற்கு அவர் பெயரையே இட்டுச் ‘சகானியா’ என்றனர். செல்லரித்த ஏடுகளை ஊர்தோறும் தேடிச் சேர்த்து நூலொன்றை முழுமையாக்கும் பதிப்பாசிரியர் உழைப்பிற்கும் இதற்கும் யான் வேற்றுமை காண்கிலேன்.

இவ்வாராய்ச்சிக்கெனத் தனி நிலையம் ஒன்று வேண்டுமென்பது சகானியின் நெடுநாள் வேட்கை. பல காலத்துப் புதைபடிவங்களைப் பதித்து அவர் அமைத்த அடிக்கல்லை, 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதமர் நேரு இலக்னோவில் நாட்டினார். ஒரு வாரமே சென்றது. ஏப்ரல் 10-ஆம் நாள் சகானி காலமானார். எழும்பாத கட்டடமும் தொடங்காத பணியும் எஞ்சின. அவர் துணைவியார் சாவித்திரி அம்மையார் அப்பொறுப்பை ஏற்று, அயராது முயன்றார். 1953 ஜனவரியில் நேருவே வந்து புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். அந்நிலையம் இன்றும் சகானியின் பெயராலேயே நடைபெறுகின்றது.

இத்துறையிற் புக விரும்புவோர் தாவரவியல், விலங்கியல், நிலவியல் என்பவற்றுள் ஒன்றில் முதுநிலைப் பட்டம் பெறுதல் வேண்டும். ஆயினும் அஃதொன்றே போதாது. பாறை அறியாதான் எச்சத்தின் காலம் கூறமாட்டான். உயிர்நூல் அறியாதான் அதன் இனம் கூறமாட்டான். தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றார்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. முனைவர் பட்டத்திற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு செல்லும். பின்னர்ப் பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும், 1851-இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் பணி கிடைக்கலாம். இடங்கள் சிலவே; விரைந்து பொருளீட்ட விழைவார்க்கு இவ்வழி உகந்ததன்று. எனினும் இக்கல்வி ஏட்டளவில் நிற்பதன்று. எண்ணெய்க்கிணறு தோண்டுவோர் ஆழத்திலிருந்து எடுத்த பாறைத்துகளை இத்துறையறிஞரிடமே கொணர்வர். அவர் அதனை அமிலத்திற் கரைத்து, எஞ்சி நிற்கும் மகரந்தத் தூளை நோக்கி, அப்பாறை எக்காலத்தது எனக் கூறுவர்.