வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தும் அதன் தூய்மையும்

பள்ளிவாசல் போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் பணிபுரிவோர், நாய்க்கடி ஊசி என்றதும் மக்கள் அஞ்சுவதைக் கண்டிருப்பர். இவ்வச்சம் காரணமற்றதன்று. முன்னாளில் வயிற்றில் 14 ஊசிகள் வரை போடப்பட்டன. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த அம்முறையில், ஆட்டு மூளையில் வளர்த்த வைரசைக் கார்பாலிக் அமிலத்தால் செயலறச் செய்து மருந்தாக்கினர். அதில் மூளைத் திசுவும் கலந்திருந்தமையால், சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தம் நரம்புகளையே தாக்கி, வாதநோய் விளைந்தது. இந்தியாவில் இம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்டது.

1907-இல் நிறுவப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையமும், ஆட்டு மூளை முறையைக் கைவிட்டு, உயிரணு வளர்ப்பு முறையை மேற்கொண்டது. இதற்குப் பயன்படும் வீரோ உயிரணுக்கள், 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வழியின.

உயிரணுக்களில் பெருகிய வைரஸ், வளர்ப்பு நீரில் வெளிப்படும். அந்நீரில் வைரசின் அளவு சிறிது. உயிரணுச் சிதைவுகளும் அயற்புரதங்களும் மிகுதி. ஆகவே, முதலில் வடிகட்டிச் சிதைவுகளை நீக்குவர். பின்னர் மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வின் வழியே நீரைச் செலுத்துவர். நீரும் சிறு மூலக்கூறுகளும் வெளியேற, ஏறக்குறைய 180 நானோமீட்டர் நீளமுள்ள வைரஸ் தங்கிச் செறிவடையும். பீட்டா புரோப்பியோலாக்டோன் என்னும் வேதிப்பொருள் அதனைச் செயலறச் செய்யும். எஞ்சிய அயற்புரதங்களை, விரைவாகச் சுழலும் மையவிலக்குப் பொறியாலோ வேறு பிரிப்பு முறைகளாலோ அகற்றுவர். இறுதியில் உறைய வைத்து உலர்த்துவர். ஒரு வேளை மருந்தின் ஆற்றல் 2.5 சர்வதேச அலகுக்குக் குறையலாகாது.

தூய்மை செய்வது அழகுக்கன்று. நோயாளியின் நரம்பைக் காப்பதற்கேயாம் என்பது இதனால் விளங்கும். இன்று ஊசி கையிலோ, குழந்தைகளாயின் தொடையிலோ போடப்படுகிறது, வயிற்றிலன்று.

எனினும், ஆய்வகத்தில் பேணிய தரம் வழியில் கெடலாகாது. மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தல் வேண்டும். கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவ நிலையத்தை அடைதல் வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. ஆசிரியர்களும் களப்பணியாளரும் பழைய அச்சத்தின் காரணத்தையும், அக்காரணம் நீங்கியதையும் மக்களுக்கு எடுத்துரைப்பாராயின், பல உயிர்கள் காக்கப்பெறும்.