அரிச்சந்திரனும் ஜான் பிராக்டரும்

செட்டிநாட்டு ஊர்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடிய நடைபெறும் இசை நாடகங்களுள் அரிச்சந்திர மயான காண்டத்திற்குத் தனியிடம் உண்டு. நாட்டைத் தருவதாகச் சொன்னதில்லை என்று ஒரு சொல் கூறினால் போதும், இழந்தவை யாவும் மீளும் என்கிறார் விசுவாமித்திரர். அரிச்சந்திரன் இசையவில்லை. அவன் குற்றமற்றவன், ஆதலின் அவன் மறுப்பு நமக்கு வியப்பளிக்கிறதேயன்றி ஐயம் அளிப்பதில்லை. குற்றமுடைய ஒருவன் அவ்விடத்தில் நின்றால்?

ஆர்தர் மில்லர் எழுதி 1953இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'தி குருசிபிள்' இவ்வினாவை எழுப்புகிறது. பொன்னுருக்கும் மூசை என்பது தலைப்பின் பொருள். 1692இல் மாசசூசெட்ஸ் பகுதியில் நடந்த சேலம் சூனிய வழக்குகளே இதன் களம். சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தனர். மறுத்து நின்ற 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். பொய்க்கு உயிரும் மெய்க்குக் கயிறும் கிடைத்த விந்தை மன்றம் அது!

நாயகன் ஜான் பிராக்டர் ஓர் உழவன். வீட்டுப் பணிப்பெண்ணாயிருந்த அபிகெயிலுடன் கொண்ட தகாத உறவு அவன் நெஞ்சை அறுக்கிறது. அவளே இப்போது ஊராரைச் சூனியக்காரர் எனக் காட்டிக்கொடுக்கிறாள். அவள் சொல் பொய்யென மெய்ப்பிக்க, மன்றத்தில் தன் இழுக்கைத் தானே எடுத்துரைக்கிறான் பிராக்டர். பொய்யே அறியாதவள் என அவன் போற்றும் மனைவி எலிசபெத் சான்றுரைக்க அழைக்கப்படுகிறாள். கணவன் சொன்னதை அறியாத அவள், அவன் பெயரைக் காக்க எண்ணி அவ்வுறவு இல்லையென்று கூறிவிடுகிறாள். அந்த ஒரு பொய்யே அவனை வீழ்த்துகிறது. சந்திரமதியை மேடையில் கண்டு கலங்கிய நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் அதைவிடக் கொடிது.

இறுதியில் உயிர்மேல் கொண்ட ஆசையால் பிராக்டர் பொய்யாக ஒப்புக்கொள்கிறான்; கையொப்பமும் இடுகிறான். ஆனால் பிறர் பெயரைச் சொல்ல மறுக்கிறான். அத்தாள் தேவாலயக் கதவில் ஒட்டப்படும் என்றறிந்ததும் அதனைக் கிழித்தெறிந்து தூக்குமேடைக்குச் செல்கிறான்.

இதனைப் புகழாசை என்பாருமுளர். அது பொருந்தாது. புகழை அவன் மன்றத்தில் உண்மை சொல்லியே இழந்துவிட்டான். 'பேர் எடுத்தான்' என்னுமிடத்துப் பேர் என்பது புகழ். 'உன் பேர் என்ன?' என்னுமிடத்து அஃது ஆளையே குறிக்கும். அவன் காத்தது பின்னதை. மேலும், அவனுடைய பொய்யொப்பம் சாகத் துணிந்த ஏனையோர் மறுப்பையும் பொய்யாக்கியிருக்கும்.

வரலாற்றுப் பிராக்டர் ஏறத்தாழ 60 வயதினர். அபிகெயிலோ 11 அல்லது 12 வயதுச் சிறுமி. தகாத உறவு மில்லரின் கற்பனையே. உண்மைப் பிராக்டர் இறுதிவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வகையில் அவர் அரிச்சந்திரனுக்கு நெருங்கியவர். குறையுள்ள மனிதனுக்கும் அந்த உறுதி கைகூடும் எனக் காட்டவே மில்லர் அவரை மாற்றினார் எனக் கொள்ளலாம்.

1956இல் மில்லரே அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டார். பொதுவுடைமையாளர் கூட்டங்களில் கண்டவர்களின் பெயர்களைக் கூறுமாறு கேட்டனர். அவர் கூறவில்லை. 1957இல் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 1958இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.