நட்சத்திரக் கோடுகளைக் கொண்டு திசையறிதல்

கடை மாடியில் தொழுகைக்கு இடம் ஒதுக்கும்போது திசைகாட்டியை வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். இரும்புத் தூணும் தகரக் கூரையும் சூழ்ந்த கட்டடத்தில் அதன் முள் விலகி நிற்கக்கூடும். தராசையே அவ்வப்போது சோதித்துப் பார்க்கும் வியாபாரிகளாகிய நாம் இதையும் சோதிக்க ஒரு வழி அறிந்திருப்பது நல்லது. புகைப்படக் கருவியும் தெளிந்த இரவும் போதும்.

கருவியை முக்காலியில் அசையாமல் நிறுத்தி ஒரு மணி நேரம் வானத்தைப் பதிவு செய்தால், நட்சத்திரங்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக விழும். பூமி மணிக்குச் சுமார் 15 பாகை சுழல்வதே காரணம். வடதேசத்துப் படங்களில் இக்கோடுகள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமிடும். அந்த உபாயம் நமக்கு உதவாது. வடதுருவப் புள்ளி சிங்கப்பூரில் அடிவானத்துக்கு மேல் 1⅓ பாகைதான். பினாங்கில் ஏறக்குறைய 5½. மேகமும் கட்டடமும் அதை மறைத்துவிடும்.

ஆகவே மேற்கு வானத்தைப் படமெடுங்கள். வலப்பக்கக் கோடுகள் வடதுருவத்தைச் சுற்றி வளையும். இடப்பக்கத்தவை தென்துருவத்தைச் சுற்றி எதிர்ப்புறமாக வளையும். நடுவில் வளையாமல் நேராக இறங்கும் கோடு அடிவானத்தைத் தொடுமிடமே நேர் மேற்கு. ஏப்ரல் மாத முன்னிரவில் இதற்கு நல்ல துணை உண்டு. ஓரையன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் முதலில் மறைவது மின்டகா. கச்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லே இப்பெயர். அதன் கோடு ஏறக்குறைய நேர்கோடு.

அடிவானத்தைக் கட்டடம் மறைத்தால், கோட்டை அதன் சாய்விலேயே கீழே நீட்டுங்கள். தூக்குக்குண்டு விட்டதுபோல் செங்குத்தாக இறக்கக்கூடாது. பினாங்கில் அச்சாய்வு 5½ பாகை, அலட்சியம் செய்யத்தக்கதன்று. அகன்ற வில்லையானால் படத்தின் ஓரங்கள் இழுபட்டுத் தோன்றும். எனவே அந்தக் கோடு படத்தின் நடுவில் விழும்படி கருவியைத் திருப்பி வையுங்கள். நகர வெளிச்சத்தில் ஒரே நீண்ட பதிவு வெளுத்துப்போகும். அரை நிமிடப் படங்களாகத் தொடர்ந்து எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைப்பதே இக்காலத்து முறை.

மறுநாள் கருவி நின்ற இடத்திலேயே நின்று, அக்கோடு எந்தத் தூணின்மேல் அல்லது கோபுரத்தின்மேல் விழுந்தது என்று பாருங்கள். அதை நோக்கி மொட்டைமாடியில் ஒரு கயிறு கட்டி, அங்கிருந்து வடக்குப் பக்கமாக, அதாவது வலப்புறம், சிங்கப்பூரில் 23 பாகையும் பினாங்கில் சுமார் 21½ பாகையும் அளந்தால் கிப்லா. அத்திசை மாடிச்சுவரோடு சேரும் கோணத்தைக் குறித்துக்கொண்டால், கீழ்த்தளத்தில் அதே சுவரிலிருந்து அளந்து தொழுகை வரிசைக்குக் கோடு போடலாம்.